செப்டிக் டேங்குக்குக் கம்பளி போர்த்தியவர்

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில், செப்டிக் டேங்குக்குக் குளிருமே என்று கவலைப்பட்ட ஒரே மனிதர், நாங்கள் 'வைக்கோல்' என்று கூப்பிடும் நண்பர்தான். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியின் வடக்கே ஓர் ஏரிக்கரையில் நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு கேபின் வாங்கியிருந்தோம். மே மாதம் திறந்து நவம்பர் தொடக்கத்தில் பூட்டிவிடுவோம். ஊர்ச் சாக்கடை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததால், எல்லாம் வீட்டுக்குப் பின்னால் புதைத்திருந்த டேங்குக்குத்தான் போகும். ஆளில்லாத குளிர்காலத்தில் அதன் பைப் உறைந்து வெடித்தால், மே மாதம் நாங்கள் சுவாசிப்பது ஏரிக்காற்றாக இருக்காது.

அதைக் காக்கும் பொறுப்பைத் தானாக எடுத்துக்கொண்டவர், மூன்று குடும்பத்தில் ஒன்றான வைக்கோல். பெருந்துறைக்காரர். பிழைப்புக்கு டேட்டாபேஸ் வேலை. அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் பேய் அலங்காரம் முடிந்து தெருவில் கிடக்கும் வைக்கோல் கட்டுகளைத் தன் எலக்ட்ரிக் காரின் வெள்ளை சீட்டில் ஏற்றி, பெல்ட்டும் மாட்டிக் கொண்டுவருவார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அந்தப் பருவத்தில் அவர் மனைவி கோயிலுக்கு எங்கள் காரில்தான் வருவார்.

ஆகஸ்டுக்குப் பிறகு டேங்குக்கு மேலே புல் வெட்டக் கூடாது என்பது அவர் சட்டம். "புல்லுதானுங்க கம்பளி. அதுக்கு மேல வைக்கோல் ரெண்டாவது கம்பளி."

"பாம்பு வரும்ணா" என்றாள் என் மனைவி.

"வரட்டுங்க. அதுக்கும் குளிருமல்லங்க."

பூட்டும் நாளன்று தண்ணீரை மொத்தமாக வடித்துவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் காது வைத்துக் கேட்பார். ஒரு சொட்டு ஒழுகினாலும் பைப்புக்குள் பனி கட்டிவிடுமாம். கடைசியாக டாய்லெட்டில், உறையாமல் இருக்க, ரோஸ் நிறத் திரவம் ஒன்றை ஊற்றுவார். "இனிமே யாரும் போவக்கூடாதுங்க." அடுத்த டாய்லெட் இருபது நிமிட டிரைவில், ஒரு கேஸ் ஸ்டேஷனில்.

ஒரு வருடம் மதுரையிலிருந்து என் மாமனார் வந்திருந்தார். நாங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, வேட்டியைச் சரிசெய்தபடி வெளியே வந்தார்.

"மாப்ளே, ஃப்ளஷ் வேலை செய்யலையே?"

எல்லோரும் வைக்கோலைப் பார்த்தோம். ரோஸ் திரவ பாட்டில் காலி. பனி தூற ஆரம்பித்திருந்தது. ஒரு பூகம்பத்தை எதிர்பார்த்து நான் மனைவிக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"அப்பாவுக்கு சுகருங்களா?" என்று அவளிடம் கேட்டார்.

"ஆமாண்ணா."

"அப்பறம் என்னங்க. அவசரத்துக்குத்தான டேங்கே கட்டுனது."

ஏரியிலிருந்து இரண்டு பக்கெட் தண்ணீர் மொண்டு ஊற்றினார். நாற்பது நிமிடம் ஓட்டிப்போய் இன்னொரு பாட்டில் வாங்கிவந்தார். மாமனார் இன்றும் போன் செய்தால், என்னை விசாரிப்பதற்கு முன் அவரைத்தான் விசாரிக்கிறார்.

போன வருடம் வைக்கோலுக்கு வேலை போய்விட்டது. விசாக் கெடுவுக்குள் வேறு கிடைக்கவில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊருக்கு ஃப்ளைட். அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, பூட்டுவதற்காக நாங்கள் கேபினுக்குப் போனால், வாசலில் அவர் கார். பின்சீட்டில் வைக்கோல்.

"ஏங்க, பேக்கிங் பண்ணலயா?"

"வீட்ல பண்றாங்க."

"காரை வித்தாச்சுன்னு சொன்னீங்களே?"

"திங்கக்கெழமதானுங்க கொடுக்கோணும். அதுக்குள்ள சீட்டக் கூட்டிப்போடலாம்."

அன்று அவர் வைக்கோலைப் பரப்பி முடிக்க வழக்கத்தைவிட நேரமானது. முடித்த பிறகும் மண்டியிட்டு அங்கங்கே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "அடுத்த வருஷம்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"குழாயெல்லாம் பாத்தாச்சுங்களா?" என்றார் அவர்.

ஜனவரியில் உறைந்த ஏரி மேல் ஆட்கள் நடந்தார்கள். பெருந்துறையிலிருந்து வாராவாரம் போன் வந்தது. "மைனஸ் எத்தனைங்க? டேங்கு மேல யாரும் வண்டி ஏத்தலீங்களே?" வேலை என்னாச்சு என்று நான் கேட்டால், "பாத்துட்டு இருக்கறனுங்க" என்பார். உடனே பேச்சு டேங்குக்குத் திரும்பிவிடும்.

மே மாதம் திறந்தோம். பக்கத்து கேபின்காரர் வெடித்த பைப்புக்கு ஆள் வைத்துக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நான் தண்ணீரைத் திறந்துவிட்டு, டாய்லெட்டில் நின்றபடி வைக்கோலை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். போனைக் கீழே காட்டி, ஃப்ளஷை அழுத்தினேன். எந்த முனகலும் இல்லாமல் எல்லாம் இறங்கிப் போனது.

திரையில் அவர் கண்ணை மூடியிருந்தார். நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க" என்றார். "இன்னொருக்கா அழுத்துங்க."

ஃப்ளஷ் டேங்க் நிரம்பும்வரை இருவரும் காத்திருந்தோம்.