டைகர் வயிற்றுக்குள் போனது என்ன?

சதுரங்கப்பட்டினம்,
தீபாவளிக்கு மறுநாள்.

படாளத்தில் இருக்கும் என் மச்சான் பக்தவச்சலத்துக்குக் கருவாட்டு மண்டி சடையப்பன் எழுதுவது. நானும் உன் அக்காள் லோகநாயகியும் சௌக்கியம். நீயும் குடும்பமும் திருப்பதியில் பெருமாளைச் சேவித்து நல்லபடி திரும்பியிருப்பீர்கள். நீ என்னை நம்பி விட்டுப்போன நாயைப் பற்றி இனி எழுதுவதை உட்கார்ந்து படி. பதறாதே.

"எலும்பு போடாதீங்க மாமா, இனிப்பக் காட்டாதீங்க, பண்டிகை வூட்ல நாய்க்கு எமன் அடுப்பாண்டதான் கீறான்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் சொல் தவறுகிறவனா? அதிரசத் தூக்கை உறியில் ஏற்றினேன். முறுக்கு டின்னைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன். கறிக்குழம்பு எலும்பை எல்லாம் நானே பொறுக்கிப் புதைத்து, மேலே உரலை உருட்டி வைத்தேன். "இன்னா மாமா, காவலு நாய்க்கா எனக்கா? சுட்டவ நான், இன்னும் ஒரு அதிரசம் வாயில வைக்கல" என்றாள் உன் அக்காள். இவ்வளவு பேசுகிறவள் எதையோ மறைக்கிறாள் என்று அப்போதே எனக்குப் பட்டது.

இத்தனை காவலுக்கும் பிறகு, நேற்று மத்தியானம் டைகர் படுத்தது படுத்ததுதான். வயிறு தவில் மாதிரி உப்பிவிட்டது, வாயில் நுரை, கூப்பிட்டால் வாலால் தரையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். மச்சான், உன் மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாளே, அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

விசாரணையை ஆரம்பித்தேன். பக்கத்து மண்டி ராஜாராம் வருஷம் முழுக்க என் முகத்தைப் பார்க்காதவன். அவன் தீபாவளிக்கு மட்டும் தட்டு நிறைய மைசூர்பாகு அனுப்புவானேன்? நாய்க்குப் போட்டாயா என்று நேரே கேட்டேன். "அண்ணாத்த, அது பாகு இல்ல, கல்லு. நாய் கடிச்சிருந்தா பல்லுதான் பூட்டிருக்கும், வயிறு இன்னா பண்ணும்?" என்றான். நியாயம்தான். ஆனால் நியாயமாகப் பேசுகிற ராஜாராமை நான் இதுவரை பார்த்ததில்லை. பிறகு உன் அக்காள் வாயை முகர்ந்தேன், அதிரச வாசனை! "ஆமாய்யா, நான்தான் துன்னேன். நாய்க்கு ஒரு துணுக்குக் குடுக்கல" என்று ஒப்பாரி வைத்தாள். உன்னையும் நான் விடவில்லை. சீக்கு நாயைத் தள்ளிவிட்டுப் போயிருப்பாயோ என்று ஒரு யோசனை. அழுகல் மீனை அடியில் வைத்து மேலே நல்ல மீனைப் பரப்புகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்தவன் நான்!

என் கையால் அது தின்றது மருந்து ஒன்றுதான், தீபாவளி லேகியம். விருந்துக்கு முன்னால் வீட்டிலுள்ள ஒவ்வொரு உயிருக்கும் நெல்லிக்காய் அளவு உருண்டை கொடுப்பது நம் வழக்கம், டைகரும் ஓர் உயிர்தானே. யாரையும் நம்பாமல் இந்த வருஷம் நானே கிண்டினேன். சுக்கு, மிளகு, திப்பிலி, வெல்லம், நெய், அதோடு உலர்ந்த திராட்சையைக் கை கையாக அள்ளிப் போட்டேன். டைகர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. விடுவேனா? நெத்திலிக் கருவாட்டுத் தூளில் புரட்டி நீட்டினேன், விரலையும் சேர்த்து நக்கியது. படுத்த பிறகும் வயிற்றுக்கு நல்லதாயிற்றே என்று விடாமல் ஊட்டிவருகிறேன். உயிர் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். உன் திருப்பதி அலைச்சலுக்கும் ஆகட்டும் என்று காலை லாரியில் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். வஞ்சனை இல்லாமல் சாப்பிடு.

பண்டிகை என்று நேற்று வராத திருக்கழுக்குன்றத்து மாட்டு டாக்டர் ஞானதாஸ் இதோ வந்துகொண்டிருக்கிறாராம். குற்றவாளி யாரென்று அவர் வாயால் வரட்டும், ஒருவரையும் விடமாட்டேன்.

உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல ஜீரணமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
எதையும் முகர்ந்து பார்க்காமல் நம்பாத உன் மாமா,
சடையப்பன்.

பி.கு.: டாக்டர் வந்தார். நாயின் வாயை முகர்ந்தார், அப்புறம் என் விரலை முகர்ந்தார். "யோவ், இம்மாம் நெய்யும் காரமும் திராட்சையும் நாய்க்கு ஊட்டுனது எந்த மகராசன்யா?" என்றார். உன் அக்காள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர் ஊற்றிய மருந்தில் உள்ளே போனதெல்லாம் வெளியே வந்து, டைகர் எழுந்து கஞ்சி குடித்துவிட்டது. உன் மகளிடம் சொல். மேலே நான் சந்தேகப்பட்ட இடங்களை எல்லாம் விட்டுவிட்டுப் படி. சாவி உன் அக்காள் இடுப்புக்குப் போய்விட்டது, லேகியச் சட்டியும் இப்போது பூட்டுக்குள். அந்த டப்பாவைத் திறக்காதே. திறந்துவிட்டாயானால் உடனே புறப்பட்டு வா. டாக்டர் இங்கேதான் காபி குடிக்கிறார். "வாலு இல்லாட்டியும் பரவால்ல, பாத்துக்கலாம்" என்கிறார்.