ஒன்பதாவது ஆளின் இருக்கையும் ரட்லெட்ஜின் மிட்டாயும்

லாஸ் வேகஸ்
வியாழன் மாலை

எப்போதும் என் பாசத்துக்கும், இந்த வாரம் மட்டும் என் கோபத்துக்கும் உரிய லவோன் அக்காவுக்கு,

உன் தம்பி எல்ராய் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். விசிட்டாவில் நீயும் ஆர்வில் அத்தானும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன. இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "அடுப்புல ஏதோ தீயுது" என்று வைத்துவிடுவது உன் வழக்கம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

முதலில் நீ காத்திருக்கும் செய்தி. நீ ஜெயித்துவிட்டாய். இந்த விமானக் கண்காட்சியில் ஒரு பெரிய ஆர்டராவது பிடித்து வா, இல்லாவிட்டால் பட்டறையை ரட்லெட்ஜ் கம்பெனிக்கு விற்கும் தாளில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடு என்றாய். நானும் வீராப்பாகச் சரியென்றேன். ஆர்டர் இல்லை. கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன் இணைப்பு. பட்டறையில் இருப்பவர்களுக்கு நீயே சொல்லிவிடு, அவர்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் என் தம்பிக்குச் சாமர்த்தியம் போதாது என்று அத்தானிடம் சொல்லி நீ சிரிப்பதற்கு முன்னால், நடந்ததை முழுக்கப் படி.

திங்கட்கிழமை நம் பெட்டி என் ஸ்டாலில் வந்து இறங்கியது. திருப்புளியை எடுத்து முதல் திருகில் வைக்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால் மஞ்சள் சட்டை, தலையில் கொண்டை, இடுப்பில் வாக்கி டாக்கி. யோலாண்டா என்று பெயர். மண்டபத்துத் தொழிலாளர்களின் சங்கத் தலைவி.

"ஐயா, அதைக் கீழ வைங்க."

"எதை?"

"கையில இருக்கறதை."

"இது திருப்புளிம்மா."

"அதைத்தான் சொல்றேன். இந்த மண்டபத்துல திருப்புளி எங்க ஆளு கையில இருக்கணும். உங்க கையில இருந்தா குத்தம்."

"நான் ஆயுசு பூரா இதைத்தான் பிடிச்சிட்டிருக்கேன்."

"அப்போ கை வலிக்குமே. ஓய்வெடுங்க."

பெட்டியைத் திறக்க இரண்டு பேர் வரும்வரை நான் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் திருகைக் கழற்றினார்கள், நான் பார்த்தேன். பிறகு மேசை விளக்கின் பிளக்கைச் சொருகப் போனேன், அதற்கு வேறு ஆளாம், மின்சாரக்காரர், அவர் எங்கோ தொலைவில் இன்னொருவருடைய பிளக்கைச் சொருகிக்கொண்டிருந்தார், மதியத்துக்கு மேல் வந்து சொருகினார், சுவிட்சை மட்டும் நானே தட்டிக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணி அனுமதித்தார். நான் என்ன கைக்குழந்தையா? சொந்தமாகச் செய்த பொருளைச் சொந்தக் கையால் தொடக்கூடாது என்றால் எதற்கு என்னை வரச் சொல்ல வேண்டும், என் புகைப்படத்தை வைத்தால் போதாதா?

இடத்தைப் பற்றிக் கேள். எத்தனை வருடமாக வருகிறாய் என்பதை வைத்துத்தான் இங்கே இடம். பழைய ஆட்கள் முதலில் தேர்ந்தெடுப்பார்கள். கண்காட்சி தண்டச் செலவு என்று இத்தனை வருடம் என்னைப் போகவிடாமல் வைத்துவிட்டு, திடீரென்று இந்த வருடம் போ என்று தள்ளிவிட்டாய் அல்லவா, அதற்குக் கிடைத்த பலன், எல்லாரும் எடுத்தது போக மிச்சம் விழுந்த மூலை. மண்டபத்தின் கழிப்பறைக்குப் போகிற வழி. ஆமாம் அக்கா, நாம் செய்கிற பொருளுக்கு அந்த இடம்தான் கொடுத்தார்கள்.

விசிட்டாவில் நம் பொருளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அந்த ஊரில் பாதிப் பேர் விமானத்துக்கு ஏதோ ஒன்று செய்து சாப்பிடுகிறவர்கள். கதவுப் பிடி செய்கிறவனும் ஜன்னல் சட்டம் செய்கிறவனும் நாமும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே வரிசையில்தான் உட்காருகிறோம். இங்கே கோட்டுப் போட்ட கனவான்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தனி விமானத்தில் எட்டு இருக்கையும் நிரம்பிவிட்டால் ஒன்பதாவது ஆள் கழிப்பறைக்குள்தான் உட்கார வேண்டும், மூடியை இறக்கி, மெத்தையைப் போட்டு, இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அப்படி உட்கார்ந்தபடியே மேலே ஏறவும் கீழே இறங்கவும் அனுமதி வாங்கிய இருக்கை இது என்று தொண்டை வறளச் சொல்கிறேன், கேட்டுவிட்டு ஒரு மகராசன் என்னிடம், "இது காலியா இருக்கா, இல்ல உள்ள இருக்கற கக்கூஸுக்குத்தான் போகணுமா?" என்கிறான்.

எதிரே யார் தெரியுமா? ரட்லெட்ஜ். நம் பட்டறையை விழுங்கக் காத்திருக்கும் அதே ரட்லெட்ஜ். அவர்களும் ஒன்பதாவது இருக்கை வைத்திருக்கிறார்கள், ஆனால் கயிறு கட்டி, விளக்குப் போட்டு, யாரும் உட்காராதபடி. கணுக்கால் புதையும் கம்பளம், காப்பி இயந்திரம், ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைய மிட்டாய். கிண்ணத்துக்குப் பக்கத்தில் மகன் ரட்லெட்ஜ், அந்தக் கர்டிஸ், தலைமுடியில் எண்ணெய் வழிய. நானும் விடவில்லை. நீ கட்டிக்கொடுத்த வெண்ணெய்க் கேரமல் டப்பாவைத் திறந்து நம் இருக்கையின் கைப்பக்கம் வைத்தேன். கண்ணாடிக் கிண்ணத்துக்கு முன்னால் தகர டப்பாவை யார் மதிப்பார்கள்?

இந்த மண்டபத்தில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. ஒரு ஊர் அளவுக்கு இடம், அதில் நாள் முழுக்க நடந்து கால் வீங்கினவர்களுக்கு, தடுப்பில்லாமல் இருந்த ஒரே இருக்கை நம்முடையது. வந்தார்கள் அக்கா, சாரி சாரியாக வந்தார்கள். ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு விரல்களை நீவிக்கொண்டாள். ஒருவன் நம் இருக்கையில் சாய்ந்துகொண்டு வேறொரு கம்பெனியின் இன்ஜினுக்குப் போனில் பேரம் பேசினான், என்னிடம் கையைக் காட்டிச் சத்தம் போடாதே என்றான், என் ஸ்டாலில்! எல்லார் வாயிலும் மிட்டாய். போதாததற்கு, வாங்குகிற புள்ளிகள் தாங்கள் யாரென்று நமக்குத் தெரியக்கூடாது என்று கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். ஆகவே எதிரில் நிற்பவன் கோடீஸ்வரனா, காலாற வந்தவனா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

இன்று மதியம் ஒரு கனத்த ஆள் வந்தார். பழைய தொப்பி, கையில் ஒரு சாசேஜ் ரொட்டி, அட்டை திரும்பிக் கிடந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் தொப்பென்று உட்கார்ந்து, ரொட்டியை முடித்து, மிட்டாயை வாயில் போட்டு, விளையாட்டுப் பிள்ளை மாதிரி பெல்ட்டை எடுத்துக் 'கிளிக்' என்று மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்துக் கொக்கியைத் தூக்கினார். வரவில்லை. நான் தூக்கினேன். வரவில்லை. குனிந்து பார்த்தால் உள்ளே மிட்டாய்ப் பிசின் கெட்டியாக இறுகிக் கிடந்தது. வாரை இழுத்துத் தளர்த்தலாம் என்றால் தளர்த்துவதும் அதே கொக்கிதான். யாரோ ஒருவன் வாயிலிருந்து விழுந்த ரட்லெட்ஜின் மிட்டாய்! திருப்புளியை எடுத்தேன். எங்கிருந்துதான் வருவாளோ, யோலாண்டா.

"ஐயா."

"ஒரு மனுஷன் மாட்டிக்கிட்டிருக்கான்மா!"

"தெரியுது. ஆள் வரச் சொல்றேன். சாப்பாட்டு நேரம், கொஞ்சம் ஆகும்."

"கத்தியாவது கொடு, வாரை அறுத்துடறேன்."

"கத்தியா? மண்டபத்துக்குள்ளயா? நல்லா இருக்கே கதை!"

கர்டிஸ் கம்பளத்தைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தான். "எல்ராய் அண்ணே, சீட்டு நல்லாத்தான் பிடிச்சு வெக்குது. விடத்தான் மாட்டேங்குது போல." சுற்றி நின்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. உட்கார்ந்திருந்தவர் மட்டும் பதறாமல், "என்னய்யா இப்படிப் பண்ணிட்டீர்? இதெல்லாம் ஒரு சீட்டா?" என்றார். அவ்வளவுதான். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அந்த மனிதர் மேல் கொட்டினேன். அவரால் எழுந்து போகவும் முடியாது.

"சீட்டைப் பத்தி நீ பேசாதய்யா. ரொட்டி தின்ன இடம் தேடி வந்த ஆளு நீ. முன்னால எட்டுப் பேரு தோல் சீட்டுல சாஞ்சிருப்பான், அவனுக்கு எல்லாரும் சீட்டுப் பண்ணுவான். ஒம்போதாவதா வர்றது யாரு? கணக்குப் பாக்கற பொண்ணு. முதலாளியோட மாமியாரு. கடைசி நிமிஷத்துல ஏறின நர்ஸம்மா. அந்த மூணடி ரூமுல கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா உக்காந்துட்டுப் போகுது. அதுவும் உயிரோட இறங்கணும்ல? இடுப்பு ஒடியாம இறங்கணும்ல? அதுக்காகத்தான் முன் சீட்டுக்குப் போடற அதே மெத்தையை நாங்க இதுக்கும் போடறோம். எந்தப் புண்ணியவான் கேக்கறான்? டெக்சாஸ்ல டுப்ரேன்னு ஒரு கஞ்சன், வாடகைக்கு விமானம் விடறவன், அத்தனை விமானத்துலயும் ரட்லெட்ஜோட பலகையைப் போட்டு வெச்சிருக்கான். வருஷக்கணக்கா கடுதாசி போடறேன், ஒரு பதில் கிடையாது. அவனைப் பிடிச்சு இதுல கட்டிப் போட்டு உக்கார வெக்கணும்!"

"கட்டிப் போட்டுத்தானே வெச்சிருக்கீர்" என்றார் அவர், அடையாள அட்டையைத் திருப்பிக்கொண்டே.

ஹோமர் டுப்ரே. டெக்சாஸ்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் அங்கேயே இருந்தார், நானும் அங்கேயே இருந்தேன். என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கடைசியில் ஆள் வரவேயில்லை. யோலாண்டாவே ரட்லெட்ஜின் காப்பி இயந்திரத்திலிருந்து வெந்நீர் பிடித்து வந்து, கொக்கியில் ஊற்றி, கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் குடைந்தாள். "இது மட்டும் ஆயுதம் இல்லையா?" என்றேன். "இது தலையில இருக்கறது. விதியில இல்ல" என்றாள். பிசின் கட்டியாக என் கையில் வந்து விழுந்தது. டுப்ரே நனைந்த கால்சட்டையோடு எழுந்தார். காலை இரண்டு தடவை ஓங்கித் தரையில் தட்டினார். "ம்" என்றார். போய்விட்டார்.

வருடக்கணக்காக நான் துரத்தின ஆள் என் கைக்கெட்டும் தூரத்தில் கட்டுண்டு இருந்தார், நான் அவரைக் கஞ்சன் என்று திட்டி அனுப்பிவிட்டேன். அழுகை வந்தது அக்கா, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். நேராக மண்டப அலுவலகத்துக்குப் போய் ரட்லெட்ஜின் மிட்டாயால் பார்வையாளர் உயிருக்கே ஆபத்து என்று புகார் எழுதிக் கொடுத்து, அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுக்க வைத்தேன். இந்தப் பயணத்தில் நான் சாதித்தது அது ஒன்றுதான். தாளை ரட்லெட்ஜிடம் கொடுக்கும்போது, மிட்டாயை வைத்துத் தொழில் பண்ணுகிறவர்கள் என்று நான் சொன்னதாகச் சொல்.

ஆர்வில் அத்தானுக்கு என் வணக்கங்கள். அவருடைய முதுகுவலி குறையட்டும், உன் தக்காளிச் செடிகள் பனிக்கு முன் பழுக்கட்டும், நாய்க்கு என் பங்கு எலும்பைப் போடு. இனி என் ஆயுளில் எந்தக் கண்காட்சி வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று உறுதி கூறும்,

உன் தம்பி
எல்ராய் அன்ரூ

பின்குறிப்பு: வெள்ளி காலை. ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இத்தனை பக்கம் திட்டியதை வீணாக்க மனம் வராததால் மேலே உள்ளதைக் கிழிக்கவில்லை. யோலாண்டாவின் ஆட்கள் பெட்டியை மூடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், டுப்ரே வந்தார். "நேத்து எழுந்ததும் காலைத் தட்டினேனே, கவனிச்சீரா?" என்றார். கோபத்தில் தட்டினீர்கள் என்று நினைத்தேன் என்றேன். "மரத்துப் போச்சான்னு பாத்தேன்யா. ரட்லெட்ஜ் சீட்டுல கால்மணி நேரம் உக்காந்தா என் காலு எனக்குச் சொந்தமில்ல. உம்ம சீட்டுல அவ்வளவு நேரம் உக்காந்தும் உம்ம திட்டு மட்டும்தான் வலிச்சுது. எல்லா விமானத்துக்கும் போடும். கொக்கியை மட்டும் மாத்தும்." கைகுலுக்கினோம். அந்தச் சூட்டோடு அடுத்த வருட இடத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன், அதே கழிப்பறை வழி, நல்ல நடமாட்டமுள்ள இடம்.

இன்னொன்று. கர்டிஸ் தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "அண்ணே, எங்க மிட்டாய் புதினா மிட்டாய், கல்லு மாதிரி. கடிச்சா பல்லு போகும். இது எங்க ஒட்டும்?" உன் தகர டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். காலி. டுப்ரேயும், இன்னும் ஒரு டப்பா கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் போனார். கர்டிஸிடம் மன்னிப்புக் கேட்டேன், அதையும் அவன் மரியாதையாக வாங்கிக்கொள்ளவில்லை, சிரித்தான். கேரமலை இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் வைத்திருக்க உனக்கு என்ன கேடு?

மேலே 'இணைப்பு' என்று எழுதியிருக்கிறேனே, அந்தத் தாளை உறைக்குள் தேடாதே. கொக்கியிலிருந்து எடுத்த கட்டியை உனக்குக் காட்டுவதற்காக அதில்தான் மடித்து வைத்திருக்கிறேன். வெண்ணெய் ஊறி, என் கையெழுத்து இருந்த இடமே தெரியவில்லை.