அரை விரல் விட்டு வெட்டிய போர்வை

டீச்சர் சொல்வதை யாரும் கேட்பதில்லை என்று டீச்சர்கள் புலம்புவார்கள். நான் சொன்னதைப் பன்னிரண்டு பெண்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள். அதனால்தான் எனக்கு மானம் போக இருந்தது.

சித்தூர் அப்போது சென்னை ராஜதானியில் ஒரு ஜில்லா. என் அப்பா, எங்கள் வீட்டுப் பேச்சில் நைனா, மிஷன் சபையில் உபதேசியார். எனக்குப் பத்தொன்பது வயது. மிஷன் பெண்கள் பள்ளியில் தற்காலிகத் தையல் டீச்சர். (தற்காலிகம் என்பது சம்பளத்தில்தான். மிடுக்கில் நான் ஹெட்மாஸ்டருக்கும் ஒரு படி மேல்.)

எங்கள் பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி சீமைக்குத் திரும்பப் போவதாக இருந்தது. சபைப் பெண்கள் சேர்ந்து அவருக்கு ஓர் ஒட்டுப் போர்வை தைத்துத் தருவதென்று முடிவாயிற்று. பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு சதுரத் துண்டு. நடுவில் அவரவர் பெயரை நூலால் பின்ன வேண்டும். மூன்று வரிசை அகலம், நான்கு வரிசை நீளம். போர்வை நன்றாக அமைந்தால் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிவிட்டுப் போவேன் என்று துரைசானி என்னிடம் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு உயிர்.

துரைசானி ஒரு சாண் சதுரத்துக்கு ஒரு தகர அட்டை வெட்டித் தந்தார். சபை மூப்பர் சம்சாரம் அன்னபாக்கியம் அம்மாளிடம் அதைக் கொடுத்து, வரிசையாகக் கைமாற்றச் சொன்னேன். சித்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் போய்த் திருப்பதி சபையில் முடிய வேண்டும். எல்லோரும் சபைப் பெண்களுக்கு நான் நடத்திய தையல் வகுப்பில் படித்தவர்கள். "எதை வெட்டினாலும் அளவுக்குமேல சுத்தி அரை விரல் தையலுக்கு விடணும்" என்று பிரசங்கம் மாதிரி ஓதி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பும் கூட்டம். சனிக்கிழமை காலையில்தான் திருப்பதியிலிருந்து மூட்டை வந்தது. பிரித்துத் தரையில் பரப்பினேன். முதல் துண்டு ஒரு சாணுக்கு ஒரு விரல் கூட. கடைசித் துண்டு, திருப்பதி தாயம்மாளுடையது, முழுசாக இரண்டு சாண். நடுவில் இருந்தவை படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போயின.

மூப்பர் வீட்டுக்கு ஓடினேன். அன்னபாக்கியம் அம்மாள் பெட்டியைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றிய தகர அட்டையை எடுத்துக் காட்டினார்.

"தொரசானி கையால குடுத்த சாமான். ஊர் ஊராப் போனா கெட்டுப்பூடும்னு பத்திரமா வச்சிக்கினேன். என் துண்டையே அளவுக்கு அனுப்பிட்டேன்."

புரிந்துவிட்டது. அவர் அரை விரல் விட்டு வெட்டியிருக்கிறார். அடுத்தவள் அந்தத் துண்டை அளவாக வைத்து, அதற்குமேல் அரை விரல் விட்டிருக்கிறாள். அதற்கடுத்தவள் அதற்கும்மேல். இரண்டு பக்கமும் அரை விரல் என்றால் ஆளுக்கு ஒரு விரல், பன்னிரண்டு விரல் சேர்ந்தால் ஒரு சாண். என் பேச்சை ஒருத்தியாவது மீறியிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்து பெரிய துண்டுகளை மடித்துப் பார்த்தேன். தாயம்மாள் பெயரில் 'தாய' மட்டும் மிஞ்சியது. பெரியதை நடுவில் வைத்துச் சின்னதைச் சுற்றிலும் கோத்துப் பார்த்தேன். போர்வைக்குத் தொப்பை போட்டது. பெயரை வெட்டினால் அந்தப் பெண் ஜென்மத்துக்கும் என்னோடு பேசமாட்டாள். வெட்டாவிட்டால் வேலை போய்விடும். உட்கார்ந்து அழுதேன்.

அப்போது கனகா வந்தாள். பக்கத்து வீடு, என் வயதுதான். நகரியில் தறி வைத்திருந்த வீட்டுப் பெண். கீழே கிடந்ததைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"இதுக்கா அழுதுக்கினு கீறே? பெருசை ஏண்டி சின்னது பண்றே, சின்னதுக்குக் கரை கட்டு. ரொம்பச் சின்னதுக்கு ரொம்பப் பெரிய கரை. எல்லாம் ரெண்டு சாணுக்கு வந்துடும்."

அதோடு விடாமல், தரையில் சாண் போட்டு அளந்து இன்னொன்றும் சொன்னாள். என் கணக்குப்படி எல்லாம் சரியாக வந்திருந்தால், போர்வை மூன்று சாண் அகலம், நான்கு சாண் நீளம் இருந்திருக்கும். தொட்டில் குழந்தைக்குப் போதும். துரைசானியோ நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம். இது எனக்கும் தோன்றவில்லை, அட்டை வெட்டிய துரைசானிக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு பேரின் தப்புதான் போர்வையை ஆள் அளவுக்குக் கொண்டு வந்திருந்தது.

கரைக்குத் துணி வேண்டுமே. கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்திருந்த என் சிவப்புப் புடவையை, மனதைக் கல்லாக்கிக்கொண்டு நீளநீளமாகக் கிழித்தேன். அடித்துணிக்கு நைனாவின் புது வேட்டி சரியாக ஆறு சாண் அகலம் இருந்தது. (நைனாவிடம் கேட்டேனா என்று கேட்காதீர்கள்.) பள்ளி மிஷினில் நான் மிதிக்க, கனகா வெட்டிக் கொடுக்க, விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. போர்வை தரையோடு தரையாகப் படுத்தது. எனக்கு அப்போதுதான் பசியே தெரிந்தது.

மறுநாள் சபைக் கோயிலில் அதை விரித்ததும் எனக்குப் புது பயம் வந்தது. ஒருத்திக்கு அகலக் கரை, ஒருத்திக்கு ஒல்லிக் கரை, தாயம்மாளுக்குக் கரையே இல்லை. சண்டை வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அன்னபாக்கியம் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சரியாத்தான் பண்ணிக்கீறா. மூத்தவங்களுக்குப் பெரிய கரை, சின்னவங்களுக்குச் சின்ன கரை."

உண்மைதான். சித்தூர் மூத்த சபை, திருப்பதி கடைசியாக வந்த சபை; துண்டுகள் அந்த மூப்பு வரிசைப்படியே கைமாறியிருந்தன. தாயம்மாள், தன் பெயரைச் சுற்றித்தான் துணி அதிகம் என்று பூரித்துப்போயிருந்தாள். துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு மரியாதை தெரிந்த அமைப்பை யோசித்தது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். வேலை நிரந்தரமாயிற்று. பழைய வேட்டியில் நின்று ஜெபம் செய்த நைனா மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ராமகுப்பத்து வாத்தியார். தங்கமான மனுஷன், என்னைவிட அரைச் சாண் குள்ளம். நாங்கள் ஜோடியாக நின்றதும் பெண்கள் பக்கம் கப்சிப் என்று ஆயிற்று. கனகா ஒருத்திதான் வாயைத் திறந்தாள்.

"விடுங்கடி, கரை கட்டிக்கலாம்."

கோயிலே சிரித்தது. விஷயம் தெரியாத மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்று ராத்திரி சாப்பாட்டுப் பந்தியில் அவரிடம் முழுக்கதையும் சொன்னேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் எந்தக் குடும்பப் படம் எடுத்தாலும் அவரே ஒரு மணைப்பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஏறி என் பக்கத்தில் நின்றுகொண்டு, "கரை கட்டியாச்சு, எடுப்பா" என்பார்.