உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்த விவரம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு, மைத்துனன் பணிவுடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அக்காவும் நலமாக, கோபமும் சற்றுத் தணிந்து இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வங்கி வேலையை உதறிவிட்டுக் கலை, கண்காட்சி என்று கிளம்பிப்போன உங்கள் மகளைக் கையோடு கூட்டிவர என்னை அனுப்பினீர்கள். போனேன். கண்காட்சியின் முதல் அறையில் ஒன்றுமே இல்லை, விளக்கு மட்டும் வீணாக எரிந்தது. அணைத்தேன். அந்த வெளிச்சம்தான் படைப்பாம், ஓடிவந்து போட்டார்கள். அடுத்த அறையில் ஒரு வாளி. எங்கே ஒழுகுகிறது என்று கூரையைப் பார்த்தேன். பின்னால் நின்ற நாலு பேரும் பயபக்தியோடு கூரையைப் பார்த்தார்கள். மூன்றாவது அறையில், அத்தான், பதறாதீங்க, உங்க பிரம்பு நாற்காலி! பழைய சாமான்காரர் தூக்கிட்டுப் போயிட்டார்னு சண்டைக்குப் போனீங்களே, அதேதான். தூக்கிட்டு வந்தது உங்க மக. கைப்பிடியில நீங்க சுத்தின கறுப்பு டேப்போட, வெள்ளைச் சுவருக்கு முன்னால ஜம்முனு நிக்குது. நீங்க ஊர்ல இல்லாதப்பகூட அக்கா அதுல உட்கார்ந்ததில்ல, நாங்க எல்லாரும் அதைச் சுத்தித்தான் நடப்போம். சுத்துமுத்தும் பார்த்தேன். நீங்க இல்ல. உட்கார்ந்துட்டேன். சொல்லக்கூடாது, என்ன சுகம்! அப்படியே தூங்கியும் போயிட்டேன். கண் முழிச்சா சுத்திக் கூட்டம். ஒரு பெரியவர் என் மூக்குகிட்ட குனிஞ்சு, "குறட்டைகூட வெச்சிருக்காங்க, அச்சு அசல்!"ங்கறார்.

உங்க மக ஓடி வந்தா. "மாமா, அதுல யாரும் உட்காரக்கூடாது"ன்னா. எழுந்திருக்கப் போனேன். "பரவால்ல, இருங்க"ன்னு பக்கத்துல தரையில உட்கார்ந்துகிட்டா. "அப்பா வருவாரா?"

"ரொம்பக் கோபமா இருக்கார்மா."

"கோபம் வந்தா இதுலதான வந்து உட்காருவார். இப்ப எங்க உட்காருறார்?"

கைப்பிடியில பிரிஞ்சிருந்த டேப் நுனியை அழுத்தி ஒட்டிவிட்டேன், அத்தான்.

ஆகவே, இங்கு நடப்பது வேலையற்றவர்களின் கூத்து என்றும், தாங்கள் வந்து பார்க்க ஏதுமில்லை என்றும், நாளை முதல் பேருந்தில் அவளோடு வந்து சேர்வேன் என்றும் உறுதி கூறுகிறேன். அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
சொன்ன வேலையைச் சொன்னபடி முடிக்கும் மைத்துனன்

பி.கு.: நாளைக்கு வரல. கூட்டம் எனக்குத்தான் வருதாம், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தினமும் உட்காரச் சொல்றாங்க, ஒத்துக்கிட்டேன். மாத்துச் சட்டை வேணும். யார்கிட்ட குடுத்தனுப்பலாம்னு யோசிக்காதீங்க, நீங்களே எடுத்துட்டு வாங்க. உங்களைப் பார்த்ததும் எழுந்துடுறேன்.