ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் காரை எடுத்துப்போகவும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே உங்கள் தங்கை நலம். நான் உயிரோடு இருக்கிறேன். புது கார் வாங்கிய பிறகு நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள் என்பதால் விசாரிக்கவில்லை.

போன வருடம், "குதிரை மாப்ளே இது, கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்று உங்கள் பழைய காரை அன்பளிப்பு என்ற பெயரில் என் தலையில் கட்டினீர்கள். உண்மைதான், இப்போது அது போகும் வேகத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டலாம். எங்கள் தெருமுனை மேட்டில் நேற்று ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தும், பின்னால் கரும்புகை, முன்னால் குக்கர் மாதிரி ஒரு விசில், நடுவில் நானும் உங்கள் தங்கையும், வண்டி மட்டும் வேலைக்குப் போகச் சொன்ன உங்கள் மகனைப் போல முனகிக்கொண்டு அங்கேயே நின்றது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் நாயோடு நடந்து வந்தவர், "என்ன சார், நீங்களும் வாக்கிங்கா?" என்று கேட்டு, ஜன்னல் வழியாக என் கடைவாய்ப் பல்லை நலம் விசாரித்துவிட்டு, எங்களை முந்திக்கொண்டு போய்விட்டார். நாய் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அதன் பார்வையில் இருந்த பரிதாபத்தை நான் மறக்கப்போவதில்லை.

மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். "காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுற சின்னக் காத்தாடி சார் டர்போ. அது போயிருக்கலாம், போகாமயும் இருக்கலாம்" என்றார். இப்படிப் பதில் எழுதித்தான் நான் கல்லூரியில் ஒரு பாடத்தில் தோற்றேன். என்ன செய்யலாம் என்றதற்கு, புது டர்போ போடலாமாம். போட்டால், டர்போ வாங்கினோம், கூடவே ஒரு பழைய கார் இலவசமாக வந்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டுமாம். பழுது பார்த்த டர்போ போடலாமாம், அதாவது வேறொரு அப்பாவிக்கு அவன் மச்சான் தள்ளிவிட்ட காரிலிருந்து கழற்றியது. எதுவும் செய்யாமல் அப்படியே ஓட்டலாமா என்றால், காத்தாடி உடைந்து துண்டு துண்டாக இன்ஜினுக்குள் போய்விடலாமாம், இல்லாவிட்டால் ஆயில் உள்ளே கசிந்து, "சாவியப் புடுங்கினாலும் நிக்காம கத்திக்கிட்டே இருக்கும் சார்" என்றார். உங்களோடு பலமுறை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பதால் இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

என் பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. நீங்கள் இங்கே வந்து தங்கியிருந்தபோதுகூட, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கும் ஏர் ஃபில்டர் பெட்டியை நானே திறந்து துடைத்து மூடினேன். நீங்கள் சோபாவில் படுத்தபடி, "மாப்ளே, அதுல எல்லாம் எதுக்குக் கை வைக்கிறீங்க?" என்றீர்கள். நீங்கள் கிளம்பிய மறுநாள்தான் விசில் ஆரம்பித்தது. எல்லாம் உங்கள் வாய் விசேஷம். போகிறபோது என் மஞ்சள் துண்டையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். கேட்டால், "உங்க துண்ட நான் எதுக்கு எடுக்கப்போறேன்?" என்று சிரிப்பு வேறு. குளியலறை வாசலில் நின்று அதை நீங்கள் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து காரை எடுத்துப்போகவும். இதை உங்கள் தங்கையிடம் சொன்னேன்.

"காரு போனா நானும் அதுலயே ஏறிப் போறேன். எங்கண்ணன் குடுத்ததுல எதத்தான் நீங்க ஒழுங்கா வச்சிருந்தீங்க?"

"உன்னத்தான்" என்று சமாதானமாகச் சொன்னேன். அது எடுபடவில்லை. பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டாள். பெட்டியோடு அவளையும் ஏற்றினால் அந்த மேட்டில் கார் நகராது என்பது ஒன்றுதான் இன்று எனக்கிருக்கும் தைரியம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குத் தைரியம் மட்டும்தான் என்றும் தெரிகிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள். நடுவில் இருக்கும் உங்களுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின், இன்று வரைக்கும், கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மெக்கானிக் வந்துவிட்டார். டர்போவைக் கழற்றுமுன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து மஞ்சள் துண்டை உருவி எடுத்து, "சார், இது கம்பெனியில குடுத்ததா?" என்றார். டர்போ கல் மாதிரி இருக்கிறதாம். மேட்டில் கார் சீறிக்கொண்டு ஏறியதில் பல் டாக்டர் மதில் சுவரில் ஏறிக்கொண்டார், நாயைத் தூக்கிக்கொண்டு. துண்டு உள்ளே எப்படிப் போனது என்ற ஆராய்ச்சி குடும்ப ஒற்றுமைக்கு நல்லதல்ல. அது கிடைத்துவிட்டதாலேயே நீங்கள் எடுக்கவில்லை என்றும் ஆகிவிடாது. இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனம் வராததால் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். உங்கள் தங்கை பெட்டியை அவிழ்த்துவிட்டாள், சிரிப்பைத்தான் இன்னும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காருக்காக வர வேண்டாம், சும்மா வாருங்கள். துண்டு கொண்டுவர வேண்டாம். மஞ்சள் துண்டைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். இப்போது கொஞ்சம் கறுப்பு. போகும்போது எடுத்துக்கொண்டே போகலாம்.