மேஜருக்காக நான் வைத்த படி

பயம் என்றால் என்னவென்றே தெரியாதவன் என்று என்னைப் பற்றி நானே நாற்பது வருஷமாக ஊரில் சொல்லிவந்தேன். அது பொய். எனக்கு உயரம் என்றால் பயம். மூன்றாவது மாடிக்குப் போனால் உள்ளங்கால் கூசும். திருவண்ணாமலையில் பிறந்து, மலையை அண்ணாந்து பார்த்தே தாடி நரைத்தவன், ஒரு நாள்கூட அதில் ஏறினதில்லை. என் மனைவி ஜரீனாவைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். அந்த வியாழக்கிழமை வரைக்கும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். (சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.) படிப்பு அஞ்சாவது. அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. செங்கம் ரோட்டில் சொந்தப் பட்டறை. பட்டாளத்தில் கழித்துக்கட்டி ஏலம் விடுகிற பழைய ஜீப்புகளை எடுத்துவந்து, அக்கு அக்காகப் பிரித்து, வேண்டாததைக் கழற்றி எறிந்துவிட்டு, இலேசாகவும் பலமாகவும் மறுபடி கட்டுவேன். ஜவ்வாது மலையில் புளி மூட்டை, சாமை மூட்டை, ஆள், ஆடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பாதையே இல்லாத இடத்தில் போகிற வண்டிகளில் பாதி என் கையால் ஆனவை. வேங்கிக்காலிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரைக்கும் 'ஜீப் பாய்' என்றால் வழி காட்டுவார்கள். இன்ஜினியருக்குப் படித்தவர்கள் என் பட்டறையில் கைகட்டி நின்றிருக்கிறார்கள். (ஒருத்தர்தான். அவருக்கும் கார் பஞ்சர்.)

ஒரு நாள் காலையில் பட்டறை வாசலில் பச்சை வண்டி ஒன்று வந்து நின்றது. என்னோடு இருபத்தஞ்சு வருஷமாக வெல்டிங் வேலை பார்க்கும் ஏழுமலை, முகமூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"பாய், மிலிட்டரி வந்துக்குது. ஏலத்துல இன்னாத்தயாவது ஜாஸ்தியா அள்ளியாந்துட்டியா?"

நான் எதையும் அள்ளிவரவில்லை. ஆனாலும் அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்தால் செய்யாத குற்றமெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது.

வண்டியிலிருந்து சீருடையில் ஒரு பெண் இறங்கினார். மேஜர். மதுரைப் பக்கத்துக்காரர். என் மகள் வயசுதான் இருக்கும். ஆனால் அவர் பார்த்த பார்வையில் நானாகவே மடித்துக்கட்டின லுங்கியை இறக்கிவிட்டேன்.

"கல்லும் சரிவுமா இருக்கற இடத்துக்கு இலேசான வண்டி தேடிக்கிட்டிருக்கோம். பெரிய வண்டி போக முடியாத இடம். ஜவ்வாது மலையில யாரக் கேட்டாலும் உங்க பேரத்தான் சொல்றாங்க பாய்."

பட்டாளம் வேண்டாம் என்று தள்ளின இரும்பைப் பட்டாளமே என்னிடம் தேடிவந்திருக்கிறது! எனக்குத் தலை கூரையில் இடித்தது. அவர் ஒரு நோட்டைத் திறந்துகொண்டு கேள்வி கேட்டார். எடை எவ்வளவு? ஆறு பேர் சேர்ந்தால் தூக்கி நகர்த்திவிடலாம் என்றேன். (ஆறு பேரும் ஏழுமலை மாதிரி இருக்க வேண்டும்.) வழியில் நின்றுபோனால்? ரெண்டு ஸ்பேனர், ஒரு சுத்தியல், ஒரு முழம் கம்பி போதும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சரிவு எவ்வளவு ஏறும்?"

"செவுத்துலயே ஏறும் மேடம்."

"நல்லது. வர்ற வியாழக்கிழமை மலையில ஒரு தடம் பாத்து வச்சிருக்கேன். நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

"நானா? நல்ல டிரைவரா ஒருத்தன..."

"செஞ்சவரு ஓட்டினாத்தான் வண்டி எங்க பயப்படுதுன்னு தெரியும்."

வண்டி எங்கேயும் பயப்படாது. அதை அவரிடம் எப்படி விளக்குவது? நான் செய்த வண்டிகள் மலை ஏறும், நான் ஏறினதில்லை. வாங்குகிறவன் சாவியை வாங்கிக்கொண்டு போவான், நான் பட்டறையில் உட்கார்ந்து டீ குடிப்பேன். நாற்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு.

சாயங்காலத்துக்குள் டீக்கடை, பள்ளிவாசல், டயர் கடை எல்லா இடத்திலும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் ஜரீனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பட்டாளமே என் வண்டியிலதான் போவப்போவுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டீங்களாமே. அங்க போயி கால் நடுங்கிச்சுன்னா? நாப்பது வருஷத்து பேருங்க. அப்புறம் எவன் நம்பி வண்டி எடுப்பான்?"

"நடுங்காது."

"நம்ம மொட்டமாடிக்கு துணி காயவைக்க வரமாட்டேங்கறீங்க!"

அவள் சொன்னது மனசில் முள்ளாகத் தைத்தது. பயத்தை மறைக்க வேலையில் இறங்கினேன். வண்டி சிங்கம் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று பெரிய டயர் நாலு மாட்டினேன். வண்டி உயர்ந்துவிட்டதால், மேஜர் அம்மா மரியாதையாக ஏறி உட்கார இடது பக்கம், முன் சக்கரத்தை ஒட்டி ஒரு இரும்புப் படி வைத்தேன். அதை ஏழுமலையை நம்பிக்கூட விடவில்லை. நானே பற்றவைத்தேன். அப்புறம் எப்போதும்போல மலையை ஒரு சுற்றுச் சுற்றினோம். நான் அஞ்சு வேளை தொழுகிறவன். ஆனால் என் பட்டறையில் கட்டின எந்த வண்டியும் கிரிவலம் போகாமல் வெளியே போனதில்லை. 'மல சுத்திட்டீங்களா பாய்?' என்று கேட்டுவிட்டுத்தான் சாவியையே தொடுவார்கள். எனக்கும் அது பதினாலு கிலோமீட்டர் ட்ரையல். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது.

வியாழக்கிழமை ஜவ்வாது மலையடிவாரத்தில் மேஜர் காத்திருந்தார். நான் படியைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு கையை ஊன்றி ஒரே தாவலில் உள்ளே உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை பின்னால் ஏறிக்கொண்டான்.

அது பாதையே இல்லை. மழைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போன வாய்க்கால். கல்லெல்லாம் வீட்டு அம்மிக்கல் அளவு. நாலு சக்கரமும் இழுக்கும் கியரைப் போட்டதும் வண்டி மெதுவாக உறுமிக்கொண்டு ஏறியது. முதல் வளைவு வலது. என் பக்கம் மலை, அந்தப் பக்கம் பள்ளம். பள்ளத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். கீழே ஒரு ஆடு எலுமிச்சம்பழம் அளவில் தெரிந்தது. இரண்டாவது வளைவும் வலது. மேஜர் நோட்டில் ஏதோ எழுதி, "இழுவை பிரமாதம் பாய்" என்றார். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வெளியே வந்துவிடும்போல இருந்தது.

மூன்றாவது, இடது வளைவு. கொண்டை ஊசி. இப்போது பள்ளம் என் பக்கம்.

ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். பாதி திரும்பியது. 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் நகரவில்லை. நான் இழுக்கிறேன், அது வரவில்லை. வண்டி மட்டும் நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. பிரேக்கை மிதித்தேன். என் பக்கத்துச் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. விளிம்பிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் வரவில்லை.

நான் எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓத ஆரம்பித்தேன். பின்னால் ஏழுமலை "அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே" என்று அலறியபடி குதித்து இறங்கினான். அவனுக்கும் எனக்கும் சாமி வேறு, பள்ளம் ஒன்றுதான்.

மேஜர் மட்டும் பஸ்ஸில் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "பாய், காலை எடுக்காதீங்க. ஏழுமலை, நாலு சக்கரத்துக்கும் கல் வைங்க. வச்சுட்டு என்ன முட்டுதுன்னு பாருங்க."

ஏழுமலை கல்லை அண்டக் கொடுத்துவிட்டு அடியில் குனிந்தான். "பாய்! இந்தப் பெரிய டயரு நீ வச்ச படியில போயி குத்துது!"

"அடிச்சு ஒட!" என்று கத்தினேன்.

அவன் சுத்தியலால் அடித்தான். இருபது அடி அடித்திருப்பான். ஒவ்வொரு அடிக்கும் வண்டி அதிர்ந்தது, எனக்குள்ளேயும் ஏதோ கழன்றது. படி மட்டும் அசையவில்லை. நான் வைத்த வெல்டிங் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. அதற்காக நான் வருத்தப்பட்ட ஒரே நாள் அதுதான்.

மேஜர் என் பக்கம் திரும்பினார். "பெரிய டயர் போட்டப்புறம் ட்ரையல் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். மலைய ஒரு சுத்து."

"எந்தப் பக்கமா?"

"வலமாத்தான். இடமா சுத்துன வண்டிய எவன் வாங்குவான்?"

"ஆக, பதினாலு கிலோமீட்டரும் வலது."

யோசித்தேன். மலை என் வலது கைப்பக்கம். பட்டறையிலிருந்து வெளியே வந்தாலும் வலது, சுற்றி முடித்து உள்ளே போனாலும் வலது. நாற்பது வருஷமாக நான் ஒரு வண்டியைக்கூட இடது பக்கம் முழுசாக ஒடித்துப் பார்த்ததில்லை. மேஜரின் தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

"வலது நல்லா ஒடியுதுல்ல? அது போதும். வலதுல ஒடிச்சுகிட்டே ரிவர்ஸ் வந்தா மூக்கு தானா இடது பக்கம் திரும்பிடும். கல்ல எடுக்கச் சொல்றேன், வாங்க பாப்போம்."

கணக்கு சரிதான். ஆனால் என் வலது கால் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. "மேடம்," என்றேன், "எனக்கு உயரம்னா பயம்."

நாற்பது வருஷ ரகசியம். அந்தப் பள்ளத்துக்கு முன்னால் அது பெரிதாகத் தெரியவில்லை.

"சரி பாய். கல்லு இருக்கு, வண்டி நகராது. என் பக்கமா இறங்குங்க."

நான் கியர் கம்பியைத் தாண்டி, அவர் இறங்கின வழியாகத் தவழ்ந்து இறங்கினேன். இறங்கும்போது அந்தப் படியில்தான் கால் வைத்தேன். மொத்தத்தில் அதை மிதித்தவன் நான் ஒருத்தன்தான். இறங்கினதும் மலைப் பக்கம் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டேன். தலையில் விறகுக் கட்டோடு ஒரு அம்மா வந்து நின்றார்.

"கொஞ்சம் அந்தாண்ட நவுருங்க பெரியவரே, வழி உடுங்க."

நவுர முடியவில்லை. அந்த அம்மா என்னைச் சுற்றிக்கொண்டு, பள்ளத்து விளிம்போரமாகவே, வெற்றிலையை மென்றபடி போனார்.

மேஜர் மூன்று தரம் முன்னும் பின்னும் எடுத்து வளைவைக் கடந்து, மேலே திருப்பிக்கொண்டு வந்தார். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஏறும்போது வலதாக இருந்த இரண்டு வளைவும் இறங்கும்போது இடது. நான் ஏறவில்லை. மலையைக் கையால் தடவிக்கொண்டே அடிவாரம் வரைக்கும் நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஏழுமலை கல்லோடு ஓடினான்.

கீழே வந்ததும் மேஜர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வண்டி நல்ல வண்டி பாய். எடை கம்மி, இழுவை ஜாஸ்தி. ஆனா நான் சிபாரிசு எழுத முடியாது. என் ஆளுங்க போற இடத்துல ரெண்டாவது தடவை திருப்பிப் பாக்க நேரம் கிடைக்காது. அங்க உசிர் போக இப்படி ஒரு படி போதும்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாந்தமாகச் சொன்னார். அப்போது வந்த பயம் பள்ளத்தைப் பார்த்த பயத்தைவிடப் பெரிது. என் வண்டிகளில் ஏறிப்போன புளி மூட்டைக்காரர்கள் முகம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போனது. அடுத்த வாரமே ஏழுமலையிடம் மலைக் கிராமங்களுக்குச் சொல்லி அனுப்பி, எல்லா வண்டியையும் பட்டறைக்கு வரவழைத்து இடது பக்கம் ஒடித்துப் பார்த்தேன். (அல்லாவின் கருணை, ஒன்றிலும் முட்டவில்லை. அவற்றில் நான் படி வைக்கவில்லை.)

பேர் போகவில்லை. ஏழுமலை புண்ணியத்தில் கதை ஊர் முழுக்கப் போனது. இப்போதெல்லாம் வாங்க வருகிறவர்கள் 'மல சுத்திட்டீங்களா?' என்பதோடு 'லெஃப்டும் ஒடிச்சீங்களா?' என்றும் கேட்கிறார்கள். இதற்காகவே வேங்கிக்கால் பக்கம் ஒரு காலி மனையில் வண்டியில் இடமாக வட்டமடிக்கிறேன். வாக்கிங் போகிறவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

போன வருஷம் நானும் ஜரீனாவும் ஹஜ்ஜுக்குப் போனோம். கஅபாவை ஏழு முறை சுற்ற வேண்டும். அங்கே கஅபா நம் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். அத்தனை ஜனத்துக்கு நடுவில், அடி எடுத்துவைக்காமல் நான் நின்றிருந்தேன். ஜரீனா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன்.

"இங்க முழுக்க லெஃப்டுதாங்க. உங்களால ஆவுமா, மேஜரம்மாவக் கூப்புடட்டா?"

ஏழு சுற்றும் நானே சுற்றினேன். எங்கேயும் முட்டவில்லை.