வெள்ளைக்காரருக்குப் போன சாரி

திருவண்ணாமலை
கார்த்திகை, 1981

மரியாதைக்கும் முன்கோபத்துக்கும் உரிய முருகையன் மாமா அவர்களுக்கு, தங்கச்சி மகன் வேணு வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கும் நலமென்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம், நீங்கள்தான் ஒரு மாசமாய்க் கார்டுகூடப் போடவில்லையே.

நிற்க. கல்வெட்டில் பொறிக்கவேண்டிய செய்தி: இன்று காலை தேரடித் தெருவில் உங்கள் மாப்பிள்ளை, அதாவது என் அப்பா, தன் சொந்த வாயால் 'சாரி' சொன்னார்.

உங்களுக்கு இல்லை, அவசரப்பட்டு பஸ் ஏறிடாதீங்க. ஒரு வெள்ளைக்காரர் காலில் சைக்கிளை ஏத்திட்டு, அவர் கத்துறதுக்குள்ள சொல்லிட்டார். எங்க இங்கிலீஷ் சார் அந்த வார்த்தைக்கு 'வருத்தம்'னு அர்த்தம் போட்டார். நான் ஊர் பூரா ஆராய்ச்சி பண்ணிட்டேன் மாமா. கண்டக்டர் சொன்னா சில்லறை கிடையாது, லாட்ஜ்காரர் சொன்னா தீபத்துக்கு ரூம் கிடையாது, எங்க வகுப்புப் பசங்க சொன்னா இன்னொரு வாட்டி இடிப்பாங்க. வருத்தப்பட்டுச் சொன்ன ஆளை இன்னும் பாக்கல. 'மன்னிச்சிடுங்க'ன்னா முதுகு வளையணும், சாரிக்குக் கழுத்தை ஆட்டினா போதும். அந்தக் கழுத்தும் உங்க ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம் திரும்ப மாட்டேங்குது.

அம்மா விடல. "அந்த வெள்ளைக்காரன் யாரு, எங்கண்ணன் யாரு? அதே சாரிய அவருக்கும் சொன்னா என்னங்க?"

"நான் எதுக்குடி சொல்லணும்? என்ன பண்ணேன்?"

"எங்கண்ணன் தலையில மல்லாக்கொட்டைத் தோலைக் கொட்டினது யாரு?"

"கொட்டினது அவரு குடை. நான் சிரிச்சேன், அவ்ளோதான்."

கேட்டீங்களா நியாயத்தை. ஐப்பசி மழையில, கடைக்குப் போக நீங்க குடையை விரிச்சதும் ஒரு படி தோல் தலையில கொட்டி, தெருவே சிரிச்சு, காலையிலிருந்து "உங்க காட்டுக் கடலையில இந்த வருஷம் தோல் ஜாஸ்தி, பருப்பு கம்மியாமே மச்சான்"னு அப்பா வாரிக்கிட்டே இருந்ததால இது அவர் வேலைதான்னு நீங்க சாப்பிடாமலே ஊருக்குப் போனீங்க. இப்ப கோயில்ல கொடி ஏத்தியாச்சு. கல்யாணம் ஆனதிலிருந்து அண்ணன் வராத தீபம் அம்மாவுக்கு இல்ல. உங்க ஊர் பஸ் சத்தம் கேட்டா போதும், அம்மாவுக்கு வாசல்ல ஏதாவது வேலை வந்துடுது.

கவலை வேண்டாம். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையைப் பிடுங்கும் பொறுப்பை நானே ஏத்துக்கிட்டேன். தீபத்தன்னைக்கு உங்க முன்னால நிறுத்திச் சொல்ல வைக்கிறேன். தப்பு பண்ணா தைரியமா ஒத்துக்கணும்னு இந்த வீட்டுல சொல்லிக்கொடுக்க என்னை விட்டா ஆள் கிடையாது.

அத்தைக்கு என் வணக்கம். அண்ணாமலையார் உங்களுக்கு நல்ல மழையும் அளவான கோபமும் அருளட்டும்.

இப்படிக்கு,
நீதிமான் வேணு

பி.கு.: இது அம்மா படிச்சு முடிச்சப்புறம், ஒட்டுற மடிப்புல இடுக்கி எழுதறது. தோலைக் குடைக்குள்ள போட்டது அப்பா இல்ல, நான். என் டவுசர் பையில ஒட்டியிருந்த தோலை அப்பா அன்னைக்கே பாத்துட்டார். ஒண்ணும் சொல்லாம ஒரு மாசமா அம்மாகிட்ட அவர்தான் திட்டு வாங்கறார். ஒத்துக்கலாம்னு ரெண்டு தடவை அம்மா முன்னால போய் நின்னேன், வெறும் இருமல்தான் வந்துச்சு. தீபத்துக்கு வந்துடுங்க மாமா. அப்பாவை எதுவும் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க, ஆனா அம்மா அடுப்படியில இருக்கும்போது.